மனநோயாளி நம்மிடம் ஓர் அமானிதம்

அகில உலகங்களையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹுத் தஆலாவுக்கே எல்லாப் புகழும். ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



நம் வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்றால் அதை யாரிடமும் சொல்ல நாம் கூசுவதில்லை. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தால் தெருவே திரண்டு நலம் விசாரிக்க வருகிறது. ஜும்ஆவில் துஆச் செய்யும்படி இமாமிடம் சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். அதே வீட்டில் இருபது வயதுப் பிள்ளை ஒருவன் இரவெல்லாம் உறங்காமல் நடக்கிறான், யாருக்கும் கேட்காத குரல் தனக்குக் கேட்பதாகச் சொல்கிறான், சோற்றில் விஷம் இருப்பதாகத் தாயையே சந்தேகிக்கிறான் என்றால் என்ன செய்கிறோம்? முதலில் கதவைச் சாத்துகிறோம். விருந்தாளி வந்தால் பிள்ளை வெளியூர் போயிருக்கிறான் என்கிறோம். அவனுக்காகத் துஆக் கேட்டு எந்தச் சீட்டும் பள்ளிவாசலுக்குப் போவதில்லை.

இரண்டும் நோய்தாம். இரண்டையும் தருபவன் ஒருவனே. இரண்டுக்கும் ஷிஃபா அவனிடமே இருக்கிறது. அப்படியிருக்க ஒன்றுக்கு அனுதாபமும் மற்றொன்றுக்கு அவமானமும் எங்கிருந்து வந்தன? மார்க்கத்திலிருந்து வந்தனவா? இல்லை என்பதே நம் பதில். அதை விளக்கவே இக்கட்டுரை.

நோய்களின் வரிசையில்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழக்கமாகக் கேட்டு வந்த துஆக்களில் ஒன்றை அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்க, அபூதாவூத் முதலிய நூல்களில் காண்கிறோம். வெண்குஷ்டம், பைத்தியம், தொழுநோய் ஆகியவற்றிலிருந்தும் மற்றத் தீய நோய்களிலிருந்தும் அல்லாஹ்விடம் அவர்கள் பாதுகாவல் தேடினார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. புத்தி பேதலிப்பதை நாயகம் அவர்கள் எந்த வரிசையில் வைத்தார்கள்? பாவங்களின் வரிசையிலா? குடும்ப இழிவுகளின் வரிசையிலா? தோலைப் பற்றும் நோய்க்கும் உடலை அழிக்கும் நோய்க்கும் நடுவில், நோய்களின் வரிசையிலேயே வைத்தார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்துபோன விஷயம் இது. இன்னும் தீராமல் இருப்பது நம் மனத்தில்தான்.

நோய் என்றால் அதற்குரிய கடமை என்ன? மருத்துவம் செய்து கொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் வந்து கேட்டபோது, செய்து கொள்ளுமாறும், முதுமையைத் தவிர மருந்தில்லாத நோயை அல்லாஹ் வைக்கவில்லை என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். மனநோய் நீங்கலாக என்று எந்த அறிவிப்பிலும் இல்லை.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். மக்கத்துக் குறைஷிகள் நம் நாயகத்தின் மீது வீசிய பட்டங்களுள் ஒன்று 'மஜ்னூன்' என்பது. அந்தச் சொல்லை மறுத்து அல்லாஹ் தன் திருமறையிலேயே பதில் இறக்கினான். எந்தச் சொல் நம் நபியின் மனத்தைப் புண்படுத்த எறியப்பட்டதோ அதையே நாம் நம் தெருவில் நோயாளியைப் பார்த்துக் கூசாமல் எறிகிறோம். "இவனைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பு" என்பது நம் வீட்டுப் பிள்ளைகளின் வாயிலும் வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இருப்பது 1794ல் தொடங்கப்பட்ட ஒரு மருத்துவமனை. எத்தனையோ குடும்பங்கள் கண்ணீரோடு உள்ளே சென்று, ஆறுதலோடு வெளியே வந்த இடம். நோயாளிகள் தேடிப் போகும் வாசலை நகைப்புக்குரிய பெயராக்கிவிட்டால், நாளை நம் பிள்ளைக்கே அந்த வாசல் தேவைப்படும்போது எந்தக் கால் துணிந்து அங்கே நடக்கும்? பட்டப்பெயர் சூட்டி ஒருவரையொருவர் இழிவுபடுத்துவதை ஸூரத்துல் ஹுஜ்ராத் தடுத்திருப்பதை நாம் ஓதுகிறோம். ஓதியதை நாவில் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மதீனாவின் தெருவில்

ஸஹீஹ் முஸ்லிமில் அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம். புத்தியில் கோளாறு இருந்த ஒரு பெண்மணி நாயகத்திடம் வந்து, தங்களிடம் எனக்கு ஒரு தேவை இருக்கிறது என்றார். அப்போது அவர்கள் யார்? மதீனாவின் தலைவர், வஹீ இறங்கும் நபி, ஒவ்வொரு நாழிகையும் உம்மத்தின் வேலைக்காகப் பங்கிடப்பட்டவர்கள். 'யாராவது இவளை அப்பால் கூட்டிப் போங்கள்' என்று அவர்கள் சொல்லவில்லை. இன்னாரின் தாயே என்று மரியாதையாக அழைத்து, எந்தத் தெருவில் வைத்துப் பேச விருப்பமோ அதை அவரே தேர்ந்துகொள்ளட்டும், தேவையை நிறைவேற்றித் தருகிறேன் என்று கூறினார்கள். பிறகு அவரோடு ஒரு தெருவோரம் ஒதுங்கி, அவர் சொல்ல வந்ததெல்லாம் சொல்லி முடியும்வரை நின்றார்கள்.

இந்த ஒரு சம்பவத்தில் எத்தனை பாடங்கள்! முதலாவது, அழைப்பு. நோயின் பெயரால் அழைக்காமல், பிள்ளை பெற்ற ஒரு தாய்க்குரிய பெயரால் அழைத்தார்கள். இரண்டாவது, தேர்வு. இடத்தை அவரிடமே விட்டார்கள். நோய் வந்துவிட்டதால் அவருக்கு விருப்பமே இல்லாமல் போய்விடவில்லை. மூன்றாவது, நேரம். பாதியில் கைகாட்டி நிறுத்தவில்லை. நான்காவது, இடம். நாலு பேர் நடமாடும் தெருவில், எல்லோரும் காணக்கூடிய இடத்தில் நின்றார்கள். நாயகத்தின் கண்ணியத்துக்கு அதனால் என்ன குறை வந்தது? ஒன்றுமில்லை. நாமோ, நம் வீட்டு நோயாளியை நாலு பேர் பார்த்துவிட்டால் குடும்பத்தின் மானம் போய்விடும் என்று பின்கட்டு அறையில் வைத்துப் பூட்டுகிறோம். ஸுன்னத் என்று மிஸ்வாக்கைப் பேணும் நாம், இந்த ஸுன்னத்தை எங்கே தவறவிட்டோம்?

ஈமான் குறைவா?

சிலர் சொல்லக் கேட்கிறோம்: "தொழுகையாளிக்கு மனக்கவலை நோய் வருமா? ஈமான் பலமாக இருந்தால் இதெல்லாம் அண்டாது." இந்தப் பேச்சு, ஏற்கெனவே ஒடிந்த கொடியின் மேல் கல்லை வைப்பதாகும். நோயாளி இப்போது இரண்டு சுமை சுமக்கிறார்: ஒன்று நோய், மற்றொன்று தான் அல்லாஹ்வால் வெறுக்கப்பட்டவன் என்ற பயம்.

யஃகூப் (அலை) அவர்களின் ஈமானை எடைபோட யாருக்குத் தகுதி உண்டு? மகன் யூஸுஃபைப் பிரிந்த துக்கத்தால் அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்று திருமறையே கூறுகிறது. அல்லாஹ்விடம் முறையிட்டார்கள், ஆனால் அழுகை நிற்கவில்லை. நம் நாயகமே மனக்கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாவல் தேடினார்கள் என்று புகாரியில் காண்கிறோம். வீட்டில் மௌத்து நிகழ்ந்து மனமொடிந்திருப்போருக்கு அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் 'தல்பீனா' என்ற வாற்கோதுமைக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கச் சொல்வார்கள். அது நோயாளியின் நெஞ்சுக்கு இதமளித்துத் துக்கத்தைக் குறைக்கும் என்று நாயகத்திடம் கேட்டதாகவும் சொல்வார்கள். துக்கத்தில் இருப்பவரைப் பார்த்து 'ஸபூர் செய்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், அடுப்பில் கஞ்சி வைத்த வீடு அது.

கவலை வேறு, கவலை நோய் வேறு என்பதையும் அறிய வேண்டும். கவலை வரும், போகும். வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பற்றற்று, வாழ்வே வேண்டாம் என்று தோன்றுமானால் அது நோய். இந்தியாவில் 12 மாநிலங்களில் 2015-16ல் எடுக்கப்பட்ட தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் ஒன்று. வயது வந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஏதோவொரு மனநலக் கோளாறு இருப்பதாக அது கண்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. நம் மஹல்லாவின் கணக்கையும் இதைக்கொண்டு போட்டுப் பாருங்கள். ஒரு ஸஃப்பில் நிற்கும் நம்மிடையே சொல்லாமல் மறைத்து நிற்பவர் எத்தனை பேர்!

ஓதுவதும் மருந்தும்

இங்கே ஒரு கேள்வி எழும். "ஜின், சூனியம், கண்ணேறு இவையெல்லாம் பொய்யா?" ஜின் உண்டு என்பது நம் நம்பிக்கை; கண்ணேறு உண்மை என்பது ஹதீஸ். அதில் நமக்குத் தகராறு இல்லை. ஆனால் ஜின் இருப்பது ஒரு விஷயம். இந்தப் பிள்ளையின் மேல் ஜின் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்வது வேறு விஷயம். மறைவானதைப் பற்றிய அத்தீர்ப்பை, நாடி பார்க்கத் தெரியாத ஒருவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டுக் காணிக்கை வாங்குகிறார் என்றால், அந்தத் துணிவைத்தான் நாம் கேள்வி கேட்கிறோம்.

ஸூரத்துல் ஃபாத்திஹாவும் முஅவ்விததைனும் ஓதி ஊதுவது ஸுன்னத்தான காரியம். தாய் ஓதலாம், தந்தை ஓதலாம், நோயாளி தானே ஓதிக்கொள்ளலாம். அதற்குக் கட்டணமில்லை, மருந்தை நிறுத்த வேண்டியதுமில்லை. ஆனால் பிரம்பால் அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது, பட்டினி போடுவது, சங்கிலியில் கட்டுவது இவை எந்த மார்க்கம்? அடி வாங்குவது ஜின் அன்று. நம் பிள்ளையின் முதுகு.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாளை நாம் மறக்கலாகாது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்ஹாவுக்கு ஷிஃபா தேடி வந்தோரை வைத்துப் பராமரிப்பதாகச் சொல்லி நடத்தப்பட்ட தனியார் விடுதி ஒன்றில், அதிகாலையில் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்சநீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அப்படிப்பட்ட விடுதிகள் மூடப்பட்டன. அவர்களைச் சங்கிலியில் கட்டியவர்கள் விடுதிக்காரர்கள். ஆனால் அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு, மாதப்பணம் அனுப்பியும் அனுப்பாமலும், திரும்பிப் பார்க்காமல் வந்த குடும்பங்கள் எத்தனை! எல்லாச் சமயத்தவரும் அதில் இருந்தார்கள். வெட்கம் என்ற சங்கிலி வீட்டிலேயே பூட்டப்பட்டுவிட்டது. இரும்புச் சங்கிலி அதற்குப் பிறகுதான் வந்தது.

இன்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது. சட்டம் தடுக்கும் முன்பே ஷரீஅத் தடுத்தது. ஒரு பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதியை ஹதீஸில் அறிந்த சமுதாயம் அல்லவா நாம்! குஜராத்தின் உனாவா என்ற ஊரிலுள்ள மீரா தாதார் தர்ஹாவில் 2008 முதல் நல்லதொரு ஏற்பாடு நடந்தது. துஆக் கேட்டு வருவோரைத் தர்ஹாவின் முஜாவிர்களே அங்கு அமர்ந்திருக்கும் மருத்துவரிடம் அனுப்பி வைத்தார்கள். துஆவும் தவாவும், அதாவது மருந்தும், ஒரே வாசலில். பின்னாளில் ஏர்வாடியிலும் அவ்வழி பின்பற்றப்பட்டது. இதுதான் நடுநிலையான பாதை.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. இம்மருந்துகள் பலவற்றின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நான்கு நாளில் குணமில்லை என்று நிறுத்துவதும், குணம் கண்டதும் 'இனி எதற்கு' என்று நிறுத்துவதும் நோயைத் திரும்ப அழைப்பதாகும். ரமளானில் தாமாகவே மாத்திரையை விட்டுவிடுவோரும் உண்டு. நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு, ஸஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் மாற்ற முடியுமா என்று அறிய வேண்டும். சில மருந்துகளோடு தாகத்தில் இருப்பது ஆபத்து. முடியாது என்று மருத்துவர் சொன்னால், நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை மனநோயாளிக்கும் உண்டு.

ஷரீஅத் தந்த பாதுகாப்பு

உறங்குபவர் விழிக்கும்வரை, குழந்தை பருவமடையும்வரை, புத்தி சுவாதீனமற்றவர் தெளியும்வரை பேனா உயர்த்தப்பட்டுவிட்டது என்ற கருத்துள்ள ஹதீஸை நாம் மதரஸாவில் பாடமாகப் படித்தோம். அதன் பொருளை வீட்டில் படித்தோமா? அல்லாஹ்வே கணக்கு எழுதாத சொல்லையும் செயலையும் நாம் ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்துக் குத்திக் காட்டுகிறோம்!

தம் பொருளை நிர்வகிக்க இயலாதவர்களைப் பற்றி ஸூரத்துன் நிஸாவில் கட்டளை இருக்கிறது. பொருளைப் பாதுகாத்து, அதிலிருந்து அவர்களுக்கு உணவும் உடையும் தந்து, அவர்களிடம் நல்ல வார்த்தை பேச வேண்டும். சொத்தைப் பாதுகாக்கச் சொன்ன இடத்தில் நல்ல சொல்லையும் சேர்த்தானே அல்லாஹ்! அண்ணனுக்குச் சித்தம் சரியில்லை என்று சொல்லி அவர் பங்கை எழுதிக்கொண்டு, பழைய சோறும் கிழிந்த லுங்கியும் தருவோர் இந்த ஆயத்தை மறுமுறை ஓதிப் பார்க்கட்டும். அந்தச் சொத்து அமானிதம். அந்த மனிதர் அதைவிடப் பெரிய அமானிதம்.

நம் முன்னோர்கள் இதை விளங்கியிருந்தார்கள். கி.பி. 934ல் வஃபாத்தான அபூஸைத் அல்பல்கீ அவர்கள், உடலின் நலத்தையும் மனத்தின் நலத்தையும் ஒரே நூலில் எழுதி, அச்சம், துக்கம், கோபம், வஸ்வாஸ் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தார்கள். 1284ல் கெய்ரோவில் ஸுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் தனிப் பகுதி இருந்தது. வக்ஃபு வருமானத்தில் அது நடந்தது. வக்ஃபு என்பது பள்ளிவாசலுக்கு மட்டும் என்று நினைக்கும் நமக்கு அதில் படிப்பினை உண்டு.

நிக்காஹ் மருந்தல்ல

"கல்யாணம் முடித்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்." இந்த ஒரு வாக்கியத்தால் பாழான பெண்பிள்ளைகள் எத்தனை! நோயை மறைத்து நிக்காஹ் நடத்துவது மோசடி. ஏமாற்றுபவன் நம்மைச் சார்ந்தவனல்லன் என்பது நாயகத்தின் எச்சரிக்கை. ஷாஃபிஈ மத்ஹபில், திருமணத்தை முறிக்கும் உரிமை தரும் குறைகளில் புத்தி பேதலிப்பும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் சிகிச்சையால் தெளிந்து, தொழில் செய்து, பொறுப்போடு வாழ்பவர் எத்தனையோ பேர். அவர்களுக்கு நிக்காஹ் தடையில்லை. உள்ளதைச் சொல்லிச் செய்ய வேண்டும் என்பதே சட்டம். அப்படிச் சொல்லும் நேர்மையாளரின் தங்கைக்கும் மாப்பிள்ளை கிடைக்காத நிலையை உண்டாக்குவது யார்? நாம்தான். உண்மை சொன்னவரைத் தண்டித்தால் ஊரில் பொய்தான் வளரும்.

பச்சை உடம்பும் ஹவுளுக்கரையும்

தாய்மார்களே! பிரசவித்த சில நாட்களில் ஒரு பெண் உறக்கமே இல்லாமல், தொடர்பில்லாமல் பேசி, பெற்ற குழந்தையையே அந்நியமாகப் பார்த்தால், பச்சை உடம்பில் ஏதோ பட்டுவிட்டது என்று நாற்பது நாளும் அறைக்குள் வைத்துத் தண்ணீர் ஓதித் தெளித்துக்கொண்டிருக்காதீர்கள். அது அவசர நோய். தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து உண்டு. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். உரிய சிகிச்சையில் பெரும்பாலோர் நல்லபடி தெளிகிறார்கள்.

ஹவுளுக்கரையில் அரைமணி நேரமாக ஒளூச் செய்து, தக்பீரை மீண்டும் மீண்டும் கட்டி அவிழ்ப்பவரைக் கண்டால் சிரிக்காதீர்கள். அதிகப் பேணுதல் என்று புகழவும் செய்யாதீர்கள். உறுதி சந்தேகத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. ஆலிம் அதைச் சொல்லித் தர வேண்டும். சொல்லியும் விட முடியவில்லை என்றால் அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய்.

மண்ணிடும் நேரத்தில்

சொல்ல மனம் நடுங்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நோயின் உச்சத்தில் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவரின் மையித்து வீட்டில் கிடக்கும்போது, ஜனாஸாத் தொழலாமா, நம் கபரஸ்தானில் இடமுண்டா என்று வாசலில் நின்று விவாதிக்கிறார்கள். உள்ளே தாய் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தற்கொலை பெரும் பாவம், அதில் ஐயமில்லை. ஆனால் அவர் முஸ்லிம். குளிப்பாட்டித் தொழவைத்து அடக்கப்பட வேண்டியவர் என்பதே நம் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் சட்டம். துஃபைல் இப்னு அம்ர் (ரழி) அவர்களோடு ஹிஜ்ரத் வந்த ஒருவர் நோயின் வேதனை தாளாமல் அப்படிச் செய்துகொண்டார் என்றும், நாயகம் (ஸல்) அவர்கள் அவருக்காகப் பிழைபொறுக்கத் தேடினார்கள் என்றும் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நபி துஆச் செய்த இடத்தில் நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். புத்தியின் நிலை என்னவாக இருந்தது என்பதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.

அதைவிட முக்கியம், அந்த நாள் வராமல் காப்பது. "நான் இருந்து என்ன பயன்" என்று ஒருவர் சொன்னால் அதட்டாதீர்கள், ஃபத்வாச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், கேளுங்கள், தனியே விடாதீர்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் 14416 என்ற தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கிறது.

மஹல்லா செய்ய வேண்டியவை

ஒவ்வொரு ஜமாஅத்தும் சிலவற்றைச் செய்யலாம். மனநோய் பற்றி ஆண்டுக்கு ஒரு ஜும்ஆவிலாவது பயான் நடக்கட்டும். தண்ணீர் ஓத வருபவரிடம் இமாம் "மருத்துவரிடம் காட்டினீர்களா?" என்று கேட்பதை வழக்கமாக்கட்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்த நாளில் இயங்குகிறது என்பதைப் பள்ளிவாசல் பலகையில் எழுதிப் போடட்டும். ஏழை நோயாளியின் மாத்திரைச் செலவுக்கு ஜகாத் கொடுக்கலாம்; அவரால் பெற்றுக்கொள்ள இயலாதபோது அவருடைய பொறுப்பாளர் கையில் ஒப்படைத்தால் ஜகாத் நிறைவேறும். நோயாளியைப் பராமரித்து ஓய்ந்துபோன தாயை வாரத்தில் ஒருநாளாவது விடுவித்து, நாம் போய் அந்தப் பிள்ளையோடு உட்காரலாம். நலம் விசாரிப்பது நோயாளிக்குரிய ஹக்கு. மனநோயாளிக்கு அந்த ஹக்கு ரத்தாகவில்லை.

இவை எல்லாவற்றிற்கும் முன்னால், இன்று இரவே செய்யக்கூடிய ஒன்று உண்டு. நம் வீட்டில் பூட்டிய அறை இருக்குமானால் அதைத் திறப்போம். அவரைப் பெயர் சொல்லி, உறவு சொல்லி அழைப்போம். ஒரே ஸஹனில் உட்காரவைத்துச் சோறு போடுவோம். வரும் ஜும்ஆவில் அவருக்காகவும் துஆக் கேட்டு, நோயின் பெயரை மறைக்காமல், சீட்டு எழுதிக் கொடுப்போம்.

யா அல்லாஹ்! எங்கள் உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் ஷிஃபாவைத் தருவாயாக! நோயுற்றோரைக் கண்ணியப்படுத்தும் பண்பை எங்களுக்குத் தருவாயாக! அவர்களைப் பராமரித்துக் களைத்த தாய் தந்தையரின் கண்ணீரைத் துடைப்பாயாக! நீ எங்களிடம் தந்த அமானிதங்களைக் குறித்து நாளை உன் சந்நிதியில் தலைகுனியாதவர்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.